நிறை-ஆற்றல் சமன்மை

நிறை-ஆற்றல் சமன்மை என்பது, ஒரு பொருளின் நிறையும் ஓய்வுநிலையில் அது கொண்டுள்ள ஆற்றலும் ஒன்றுக்கொன்று ஈடானவை எனக் கூறும் இயற்பியல் கோட்பாடு ஆகும். ஆற்றல் = நிறை × (ஒளியின் வேகம்)² என்பது இதன் சமன்பாடு. ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் ஆதலால், ஒரு கிராம் நிறை 9 × 10¹³ ஜூல் ஆற்றலுக்கு ஈடாகிறது. மின்கட்டண வழக்கில் கூறினால் இது 2.5 கோடி யூனிட்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை எனப்படுவது இலங்கையில் திணிவு எனப்படுகிறது. இலங்கை வழக்கில் நிறை என்பது எடையைக் குறிக்கும். இரு நாட்டு நூல்களையும் படிப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

வரலாறு

1905 இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், கதிர்வீச்சாக ஆற்றலை இழக்கும் பொருள் நிறையையும் இழக்கிறது எனக் காட்டினார். 1932 இல் காக்கிராஃப்ட், வால்டன் ஆகியோர் இலித்தியம் அணுக்கருவைப் பிளந்து செய்த ஆய்வு இதற்குச் சான்றளித்தது.

மின்கலத்தின் நிறை

இச்சமன்பாடு அணுவுலைகளுக்கு மட்டுமே உரியது எனப் பலர் கருதுகின்றனர். இது தவறு. எடுத்துக்காட்டாக, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையில் இருந்து 2019 இல் கோனா என்னும் மின்மகிழுந்து வெளிவந்தது. அதன் மின்கல அடுக்கின் கொள்ளளவு 39.2 யூனிட். முழுமையாக மின்னேற்றப்பட்ட அடுக்கு, மின்னிறங்கிய நிலையில் இருப்பதை விட ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் கூடுதல் நிறை கொண்டிருக்கும். புதிய துகள் எதுவும் உள்ளே சேர்வதில்லை. சேமிக்கப்பட்ட ஆற்றலே அக்கூடுதல் நிறை. பல நூறு கிலோகிராம் உள்ள அடுக்கில் இவ்வேறுபாட்டை எந்தத் தராசாலும் அறிய இயலாது. எரியும் விறகிலும் இவ்வாறே நிகழ்கிறது. வேதிவினைகளில் நிறை மாறாது என்று பள்ளியில் கற்பது மிக நல்ல தோராயம் மட்டுமே.

அணுக்கருப் பிளவு

திருப்பெரும்புதூருக்குத் தென்கிழக்கே, கடற்கரையில் அமைந்துள்ள கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் 1984 இல் வணிக முறையில் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. இங்குள்ள 220 மெகாவாட் உலை ஒன்று முழுத்திறனில் ஒரு நாள் இயங்கினால், அது தரும் மின்சாரத்துக்கு ஈடான நிறை 0.2 கிராம் அளவே. வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் 0.7 கிராமை ஒட்டி வரும்.

இங்கும் "பொருள் அழிந்து ஆற்றலாகிறது" என்று எழுதுவது சரியன்று. யுரேனியம்-235 அணுக்கரு பிளவுறும்போது புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. பிளவில் தோன்றும் சிறு அணுக்கருக்களில் அவை இன்னும் இறுக்கமாகப் பிணைந்துள்ளன. அதனால் விடுபடும் ஆற்றலே நிறைக்குறைவாகத் தோன்றுகிறது. இது தொடக்க நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சற்றுக் குறைவு.

துகள்கள் முற்றிலும் கதிர்வீச்சாக மாறுவதும் உண்டு. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சந்திக்கும்போது இரண்டும் மறைந்து, பெரும்பாலும் 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் வெளிப்படுகின்றன. புற்றுநோயைக் கண்டறிய மருத்துவமனைகளில் எடுக்கப்படும் பெட் ஸ்கேன் இக்கதிர்களையே பதிவு செய்கிறது.