கிரைண்டர்
ஊறவைத்த அரிசி, உளுந்து முதலியவற்றை நீர் தெளித்துக் கல்லால் அரைக்கும் மின் இயந்திரம். வீட்டு அரவை இயந்திரங்களுள் ஒரு வகை. ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் நிற்க, குழவியைக் கை சுழற்றும். இதில் பெரும்பாலும் பாத்திரமே சுழல, குழவிக்கற்கள் அடிக்கல்லோடு உரசி மாவை நசுக்குகின்றன. மிக்சி இருக்க இது எதற்கு என்பது நியாயமான கேள்வியே. சட்னிக்கு மிக்சி போதும். ஆனால் அதன் பிளேடு அதிவேகத்தில் வெட்டுவதால் மாவு சூடேறும். கல் நிதானமாக நசுக்கும்போது உளுந்து காற்றை வாங்கிப் பொங்குகிறது. ஒரு துளியை நீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுவே பதம். இட்லியின் மென்மைக்கு இக்காற்றும் ஒரு காரணம். எனவே வேகக் குறைவு இதன் குறையன்று. 1950களில் கோவையில் உருவான இவ்வியந்திரம், ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றுள்ளது.