நிறுத்தக் கற்ற வரலாறு

வண்டியை ஓட்டக் கற்ற வரலாறு பெரிதும் பேசப்படுகிறது. அதனை நிறுத்தக் கற்ற வரலாறு அத்துணைப் பேசப்படுவதில்லை. காரின் சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டு அவ்வரலாற்றுக்குச் சான்றாகும்.

1902-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பொறியியலறிஞர் பிரெடரிக் லான்செஸ்டர், சுழலும் வட்டை இருபுறமும் கவ்வி நிறுத்தும் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். கருத்து நன்றே, ஆனால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து கிறீச்சிட்டது. புழுதிச் சாலைகளில் பிரேக் பட்டைகளும் விரைவில் தேய்ந்தன. ஆகவே டிரம் பிரேக்கே நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது.

வண்டிகளின் வேகம் பெருகவே அதன் குறை புலப்பட்டது. உராய்வு வெப்பம் டிரம்முக்குள் அடைபட்டுப் பிடி தளர்ந்தது. திறந்த வட்டோ காற்றிலே குளிர்ந்தது. 1953-இல் பிரான்சு நாட்டின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் கார் வாகை சூடியது. 1946-இல் மறைந்த லான்செஸ்டர் அதனைக் காணவில்லை!

அவ்வார்ப்பிரும்பு வட்டுக்குப் பகை துருவாகும். பட்டைகள் உரசும் முகம் தானே தூய்மையுறும். சக்கரக் குடத்தோடு பொருந்தும் நடுப்பகுதியை எதுவும் உரசுவதில்லை. அங்கே நீரும் காற்றும் புகுந்து விளைக்கும் துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடம் கொள்ளும். இடுக்கை அடைத்து வட்டைக் குடத்தோடு பிணைத்துவிடும்.

வீட்டில் அதனைக் கழற்ற முனைவோர் உடனே சம்மட்டியை ஓங்குகின்றனர். அது குடத்தின் தாங்கிக்கே ஊறு செய்யக்கூடும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், வண்டியை உறுதியான தாங்குகால்களில் நிறுத்த வேண்டும். கவ்வியையும், வட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளையும் அகற்றி, துருவை இளக்கும் எண்ணெயை இடுக்கில் ஊறவிட வேண்டும். பல வட்டுகளில் மரையிட்ட இரு துளைகள் இருக்கும். அவற்றில் மரையாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாகத் திருகினால், அவை குடத்தை உந்தி வட்டை விடுவிக்கும். உரசும் முகத்தில் எண்ணெய்ப் பசை தங்கலாகாது; தங்கினால் பிரேக் பிடிக்காது.

இன்னுமொரு படிப்பினை உண்டு. பட்டைகளுக்குப் பல்லாண்டு உதவிய கல்நார், நுரையீரலைக் கெடுக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. பிரிட்டன் 1999-இல் அதனை முற்றும் தடை செய்தது. எனவே பழைய பிரேக்கின் தூசியை ஊதித் தள்ளுதல் கூடாது.

ஐம்பது ஆண்டு காத்திருந்த கருத்து வென்றது. அக்கருத்தின் வட்டைக் கழற்றவும் வேண்டுவது வலிமையன்று, பொறுமையும் அறிவுமே.