போடி ஏலத்தில் திரை நிலைத்த கதை

கடைச் செயலியை ஒருமுறை இறக்கி, இரண்டு பொருள் வாங்கி, பிறகு மறந்துவிடுவோர் ஏராளம். சிலர் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் அதிலேயே வாங்குகிறார்கள்? விடையின் பெரும்பகுதி தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் (போடி) ஏலக்காய்ச் சந்தையின் வரலாற்றில் இருக்கிறது.

போடிமெட்டு மலையிலிருந்து இறங்கிய காய்க்கு நெடுங்காலம் வாய்மொழி ஏலம்தான். சத்தம் போட்டு விலை கேட்பார்கள். யார் எவ்வளவு சொன்னார் என்பதில் சண்டையும் வரும். 1987இல் செயல்படத் தொடங்கிய நறுமணப் பொருள் வாரியம், 2000களின் பிற்பகுதியில் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரி கணினி முன் அமர்ந்து பொத்தானை அழுத்தினார்.

ஆனால் மாதிரிக் காயைப் பார்த்து வாங்கும் வழக்கம் போகவில்லை. இதுதான் முக்கியம். ஒவ்வொரு குவியலின் மாதிரியும் வியாபாரியின் கைக்கு வரும். நிறம், பருமன், வாசனை பார்த்த பிறகே விலை கேட்பார். கேட்கும் விலை எல்லோர் திரையிலும் ஏறும். அன்றைய சராசரி விலையும் உச்ச விலையும் வெளியிடப்படுவதால், தோட்டத்தில் இருக்கும் விவசாயிக்கும் நிலவரம் தெரியும்.

2018 கேரள வெள்ளத்துக்குப் பின் வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டபோதும் ஏலம் திரையில்தான் நடந்தது.

காயைப் பார்த்து வாங்க முடிந்ததாலும் விலை எல்லோருக்கும் தெரிந்ததாலும்தான் அங்கே திரை நிலைத்தது. கடைச் செயலிகளுக்கும் இதே கதைதான்: தள்ளுபடியால் ஆளை வரவழைக்கலாம். ஆனால் படத்தில் கண்ட சரக்கே வீட்டுக்கு வராவிட்டால், தேனி வாடிக்கையாளர் அடுத்த முறை தெருக்கடைக்கே போவார்.