வெளிவராத ஆட்டங்கள்: கேம் பாய் முன்மாதிரிகளும் பகிர்வின் அறமும்

நின்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியும், 1998இல் அதன் வழித்தோன்றலாக வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 86 லட்சத்துக்கும் மேல் விற்றன. இக்கருவிகளுக்கென உருவாக்கப்பட்டுக் கடைக்கு வந்த ஆட்டங்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. பாதியிலோ, முடியும் தறுவாயிலோ கைவிடப்பட்ட ஆட்டங்களின் வரலாறோ இன்னும் பெரும்பாலும் தனியார் அலமாரிகளிலேயே முடங்கிக் கிடக்கிறது. அத்தகைய ஆட்டங்களின் எஞ்சிய படிகளைக் கண்டெடுப்போர் அவற்றை எல்லோருக்கும் பகிரலாமா, பகிர்வதற்கு யாருடைய இசைவு வேண்டும், இசைவு தர வேண்டியவர் மறைந்துவிட்டாலோ மறுத்துவிட்டாலோ என்ன செய்வது என்பன போன்ற கேள்விகள் கடந்த கால் நூற்றாண்டாகச் சேகரிப்பாளர்களையும் வரலாற்றாளர்களையும் பிரித்து வைத்திருக்கின்றன.

முன்மாதிரி என்பது இத்துறையில் ஓர் ஆட்டம் உருவாகிவந்த காலத்தில் ஏதேனும் ஒரு நாளின் நிலையைத் தாங்கிய சோதனைப் படி. கடையில் விற்ற காட்ரிட்ஜுகளில், அதாவது கருவியின் பின்புறம் செருகும் பிளாஸ்டிக் பேழைகளில், மாஸ்க் ரோம் என்னும் சிப் இருந்தது. ஆட்டத்தின் தரவு அந்தச் சிப்பை வார்க்கும்போதே அதன் அமைப்பில் பதிக்கப்பட்டுவிடுவதால் பின்னர் அதை மாற்ற முடியாது, எளிதில் அழியவும் அழியாது. ஒவ்வொரு வாரமும் மாறிக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு அப்படிப்பட்ட சிப்பை வார்ப்பது கட்டுப்படியாகாது என்பதால், உருவாக்குநர்கள் ஈபிராம் என்னும் அழித்தெழுதும் சிப்பைப் பயன்படுத்தினர். 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த இச்சிப்பின் மேற்புறத்தில் சிறிய கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. அதன் வழியே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் பழைய தரவு அழிந்து, சிப் புதிய தரவை ஏற்கத் தயாராகிவிடும். தற்செயலாக ஒளி படாமலிருக்கச் சாளரத்தின் மேல் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஆட்டத்தின் பெயரும் தேதியும் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் கையால் எழுதப்பட்டிருக்கும். தரவு இச்சிப்பில் சிறைப்பட்ட மின்னூட்டமாகவே இருப்பதால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது கசிந்து குறைகிறது. சில பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு சில பிட்டுகள் மாறினாலும் ஆட்டம் பழுதாகிவிடும். பகிர்வை ஆதரிப்போரின் வாதங்களில் மிக வலுவானது இந்தப் பருப்பொருள் உண்மையே: யாரும் படியெடுக்காத ஈபிராம் எத்தனை பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தாலும் உள்ளிருந்தே அழிந்துகொண்டிருக்கிறது.

இத்தனை ஆட்டங்கள் நின்றுபோனதற்குப் பெருங்காரணம் வணிகக் கணக்கு. பிற நிறுவனங்களின் ஆட்டங்களையும் நின்டெண்டோவே பரிசோதித்து ஒப்புதல் தந்த பிறகுதான் காட்ரிட்ஜ் தயாராகும். அதற்கான செலவை வெளியீட்டாளர் முன்கூட்டியே ஏற்க வேண்டும். 2001 மார்ச்சில் அடுத்த கருவியான கேம் பாய் அட்வான்ஸ் வந்தபோது கேம் பாய் கலரின் வயது மூன்றாண்டுகூட ஆகவில்லை என்பதால், அந்த இடைவெளியில் முடிக்க முடியாமல் போன ஆட்டங்களுக்கு முதலீடு செய்ய வெளியீட்டாளர்கள் முன்வரவில்லை.

முன்மாதிரிகள் அலுவலகத்தைவிட்டு வெளியேறிய வழிகள் பல. விமர்சனம் எழுதுவதற்காகப் பத்திரிகைகளுக்கு அனுப்பப்பட்டவை திரும்பக் கேட்கப்படாமல் ஆசிரியர் குழுவினரின் வீடுகளுக்குச் சென்றன. நிறுவனங்கள் மூடப்பட்டபோது சில குப்பையோடு வெளியேறின. உழைத்தவர்கள் தம் உழைப்பின் நினைவாகச் சிலவற்றை எடுத்துச் சென்றனர். இணைய ஏலம் பரவிய பிறகு இவை விலைபெற்றன. விலை வந்ததோடு பதுக்கலும் வந்தது. ரோம் எனப்படும் தரவுக் கோப்பை எல்லோரும் பெற்றுவிட்டால் தம்மிடமுள்ள ஒற்றைப் படியின் மதிப்பு சரியும் என்று பல சேகரிப்பாளர்கள் கருதினர், இன்றும் கருதுகின்றனர். பெருந்தொகை கொடுத்து வாங்கியவரின் கவலையை அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் அவர் பணம் கொடுத்தது பேழைக்கும் சிப்புக்குமே அன்றி, அதிலுள்ள படைப்பைப் பிறர் காணாமல் தடுக்கும் அதிகாரத்துக்கு அன்று.

இந்த விலைப் பண்பாடு எந்த எல்லைவரை சென்றது என்பதை ரெசிடென்ட் ஈவில் ஆட்டத்தின் கேம் பாய் கலர் வடிவம் காட்டுகிறது. கேப்காம் நிறுவனம் 1996இல் பிளேஸ்டேஷன் கருவிக்கு வெளியிட்ட அந்தத் திகில் ஆட்டத்தை அப்படியே கையடக்கக் கருவிக்குக் கொண்டுவரும் பணியை இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாட்ஜென் நிறுவனம் ஏற்றிருந்தது. குறுந்தகட்டில் இடம்பெற்ற மாளிகை அறைகளையும், கோணம் மாறும் காட்சிகளையும், தொலைவுக்கேற்பச் சிறுத்துப் பெருக்கும் உருவங்களையும் எட்டு பிட் செயலியில் இயக்கிக் காட்ட முனைந்த அம்முயற்சி பொறியியல் துணிச்சலின் நல்ல சான்று. தரத்தில் நிறைவு ஏற்படாத கேப்காம் 2000இல் அதை நிறுத்தியது. அதன் பின் வேறொரு குழு உருவாக்கிய ரெசிடென்ட் ஈவில் கெய்டன் என்னும் வேறு ஆட்டம் 2001இல் அதன் இடத்துக்கு வந்தது. 2012இன் தொடக்கத்தில், பெயர் வெளியிடாத ஒருவர் தம்மிடம் பழைய ஆட்டத்தின் ஈபிராம் காட்ரிட்ஜ் இருப்பதாகவும், 2,000 டாலர் திரண்டால் அதன் தரவை வெளியிடுவதாகவும் அறிவித்தார். ஆர்வலர்கள் தமக்குள் திரட்டிய தொகை பிப்ரவரியில் இலக்கை எட்டியது; முற்றுப்பெறாத அந்த வடிவமும் வெளியானது.

இந்நிகழ்வில் நன்மை விளைந்ததை மறுக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுகள் வெறும் பத்திரிகைப் படங்களாக மட்டும் அறியப்பட்ட ஒரு படைப்பு ஆய்வுக்குரிய பொருளாயிற்று. எனினும் அந்த 2,000 டாலர் யாருக்குச் சென்றது என்று பார்த்தால் அதன் கோணல் புலப்படும்: ஆட்டத்தை எழுதியவர்களுக்கும் வரைந்தவர்களுக்கும் அதில் பங்கில்லை, பதிப்புரிமை பெற்ற நிறுவனத்துக்கும் இல்லை, பொருளைக் கையில் வைத்திருந்தவர் என்பதைத் தவிர வேறெந்தத் தொடர்பும் கூறாத ஒருவருக்கே அது போய்ச் சேர்ந்தது. இலவசமாகப் பகிர்வோர் தாம் பாதுகாப்புப் பணி செய்வதாகச் சொல்லிக்கொள்ள இடமுண்டு. பிணைத்தொகை கேட்பவருக்கு அந்த இடமும் இல்லை. அதைவிடக் கேடானது, அடுத்த முன்மாதிரியை வைத்திருப்பவருக்கும் காத்திருந்தால் பணம் கிடைக்கும் என்ற பாடத்தை அது கற்பித்தது.

சட்டம் இச்சிக்கலில் தெளிவாகவே பேசுகிறது, ஆனால் உதவுவதில்லை. புத்தகத்தை வாங்கியவர் அதை மறு அச்சிட்டு விற்க முடியாதது போலவே, காட்ரிட்ஜை நேர்மையாக வாங்கியவருக்கும் அதன் தரவைப் படியெடுத்துப் பரப்பும் உரிமை வந்துவிடுவதில்லை. அமெரிக்கச் சட்டத்தின்படி, நிறுவனத்துக்காகப் பணியாளர்கள் உருவாக்கி, ஒருபோதும் வெளியிடப்படாத படைப்புக்குப் பதிப்புரிமை அது உருவான நாளிலிருந்து 120 ஆண்டுகள் நீடிக்கிறது. அங்கே 2000இல் உருவாகி நின்றுபோன ஆட்டத்தை 2120 முடியும்வரை யாரும் உரிமையோடு பகிர முடியாது. ஜப்பானியச் சட்டமோ இன்னும் ஆழமாகச் செல்கிறது. வெளிவராத படைப்பை வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையை அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு படைப்பாளிக்கே தருகிறது. ஆனால் பணியாளர் எழுதிய மென்பொருளுக்கு நிறுவனமே படைப்பாளி என்று 15ஆம் பிரிவு வரையறுப்பதால், கைவிடப்பட்ட ஆட்டத்துக்கு நிரல் எழுதிய மனிதருக்கு அந்த முடிவில் சட்டப்படி குரலில்லை. சட்டம் விட்டுவைத்த இந்த இடத்தில்தான் அறம் தொடங்குகிறது. தம் அரைகுறைப் பணி உலகின் முன் வைக்கப்படுவதை அவர் வெறுக்கக்கூடும், அல்லது தம் இளமைக்கால உழைப்பு கடைசியில் காணப்படுவதில் மகிழவும் கூடும்; எதுவாயினும் அவரிடம் கேட்பது கடமை.

ஆவணப்படுத்தலின் தேவையோ நாளுக்கு நாள் கூடுகிறது. கலிஃபோர்னியாவில் இயங்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று கண்டது. அது வெளிவந்த ஆட்டங்களின் கணக்கு மட்டுமே. வெளிவராதவை அந்தக் கணக்குக்கு உள்ளேயே வருவதில்லை. அவை கற்பிப்பவையும் சிறியன அல்ல. போகிமான் வரிசையின் தங்கம், வெள்ளி ஆட்டங்களுக்கு 1997 நவம்பரில் நின்டெண்டோவின் ஸ்பேஸ் வேர்ல்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட சோதனை வடிவம் 2018இல் வெளியானபோது, பின்னர் நீக்கப்பட்ட ஏராளமான உயிரின வடிவங்களும், ஜப்பான் முழுவதையும் தழுவிய வேறொரு நிலவரைபடமும் அதில் இருந்தன. 1999இல் கடைக்கு வந்த ஆட்டம் அந்தப் பழைய திட்டத்தைப் பெரும்பாலும் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது என்பதை இந்தச் சோதனை வடிவம் காட்டித் தந்த அளவுக்கு எந்த நேர்காணலும் காட்டியதில்லை.

இத்தகைய பயனைக் காட்டியே திருட்டையும் நியாயப்படுத்தும் போக்கு அண்மையில் வளர்ந்துள்ளது. 1999இல் அறிவிக்கப்பட்டு வெளிவராமல் போன போகிமான் பிக்ராஸ் என்னும் கேம் பாய் கலர் ஆட்டம் 2020இல் பொதுவெளிக்கு வந்தது. ஆனால் அது ஏலத்திலோ பழைய பெட்டியிலோ கிடைத்த காட்ரிட்ஜிலிருந்து வரவில்லை, நின்டெண்டோவின் கணினிகளிலிருந்து களவாடப்பட்ட பெருந்தொகுதியோடு வந்தது. 2024இல் போகிமான் ஆட்டங்களை உருவாக்கும் கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் சேவையகங்கள் ஊடுருவப்பட்டபோது, பழைய ஆட்டங்களின் கோப்புகளோடு, பணியாளர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள், முன்னாள் பணியாளர்கள் ஆகியோரின் பெயரும் அலுவலக மின்னஞ்சல் முகவரியும் அடங்கிய 2,606 பதிவுகளும் கசிந்தன. கைவிடப்பட்ட சிப்பைக் காப்பாற்றுவதும் உயிரோடிருக்கும் மனிதர்களின் பெயர்களையும் முகவரிகளையும் கொட்டுவதும் ஒரே செயலின் இரு அளவுகள் அல்ல. வரலாற்று ஆர்வம் என்ற ஒரே பெயரை இரண்டுக்கும் சூட்டுவது முன்னதற்கு இழைக்கும் அநீதி.

நேர்மையாகக் கிடைத்த காட்ரிட்ஜிலும் இந்த ஆபத்து சிறிய அளவில் உண்டு. ஆட்டம் சிப்பின் கொள்ளளவை முழுவதும் நிரப்பாதபோது, எஞ்சிய இடத்தில் அதைத் தொகுத்த கணினியின் நினைவகத்தில் அப்போது கிடந்த துணுக்குகள் சில வேளை படிந்துவிடுகின்றன. மூல நிரலின் வரிகள், கோப்புகளின் பெயர்கள் முதலிய இவை ஆய்வாளருக்குப் பொக்கிஷம்தான். ஆனால் எழுதியவர் ஒருபோதும் பிறர் பார்வைக்கென வைத்தவை அல்ல. ஆகவே படியெடுப்பவர் வெளியிடுமுன் அந்த இடத்தைப் படித்துப் பார்த்து, தனிமனிதரைத் தொடும் எதையும் ஆவணக் காப்பகத்தோடு நிறுத்திக்கொள்வது தேவையான ஒழுக்கம்.

கேட்டுச் செய்யும் வழி நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற பேச்சுக்கு இன்ஃபினிட்டி என்னும் ஆட்டம் மறுப்பாக நிற்கிறது. அஃபினிக்ஸ் சாஃப்ட்வேர் என்ற சிறு அமெரிக்கக் குழு கேம் பாய் கலருக்காக 1999 முதல் உருவாக்கிவந்த அந்தக் கதையாட்டம், வெளியீட்டாளர் கிடைக்காமல் 2001 அளவில் நின்றது. 2016இல் அதை உருவாக்கியவர்களே முற்றுப்பெறாத வடிவத்தை இலவசமாக வெளியிட்டனர். அதன் பயனாக எழுந்த ஆர்வம், ஆட்டத்தை முடித்துக் காட்ரிட்ஜாக வெளியிடுவதற்கான பொது நிதித் திரட்டலுக்கு 2021இல் வழிவகுத்தது. வேஃபார்வர்ட் நிறுவனமும் கேம் பாய் அட்வான்ஸுக்காகத் தொடங்கிக் கைவிட்ட ஷான்டே ஆட்டத்தை இருபதாண்டுகளுக்குப் பின் தானே முடித்து 2025இல் அதே கருவிக்கான காட்ரிட்ஜாகக் கொண்டுவந்தது. உரிமையாளர் கலைந்து போன, உருவாக்கியவர்களைக் கண்டறியவே முடியாத ஆட்டங்களுக்கு இந்த வழி திறந்திருக்காது. அவற்றின் தரவை இன்றே படியெடுத்து, விலை பேசாமல், எங்கிருந்து எப்படிக் கிடைத்தது என்ற குறிப்போடு காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு, தேடியும் கிடைக்காத பெயர்களைத் தேடிக்கொண்டே பகிர்வதுதான் செய்யத்தக்கது.