நாவிதன்வெளி

நாவிதன்வெளி, இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பிரதேச செயலகப் பிரிவும் பிரதேச சபையும் இதே பெயரில் இயங்குகின்றன. கல்முனைக்கு மேற்கே, மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், மட்டக்களப்பார் படுவான்கரை என்று அழைக்கும் நிலத்தின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. வடக்கே மண்டூரும் வெல்லாவெளியும். தெற்கே சம்மாந்துறையும் வீரமுனையும். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இதுவும் மட்டக்களப்பு மாவட்டமே. கொண்டான் கொடுத்தான் உறவில் அந்த எல்லைக்கோடு இன்றும் பெரிதாகத் தெரிவதில்லை.

பிரிவின் இன்றைய முகத்தை வரைந்தது கல்லோயாத் திட்டம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பட்டிப்பளை ஆறு என்று தமிழர் சொல்லும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. சுதந்திர இலங்கையின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் அது. காடு வெட்டிக் குடியேற்றங்கள் எழுந்தன. அவற்றுக்குப் பெயருக்குப் பதிலாக எண்களே கிடைத்தன. 7ஆம் கிராமம், 12ஆம் கொலனி, 15ஆம் கிராமம் என்று இன்றும் சனங்கள் எண்ணைச் சொல்லியே ஊரைச் சொல்கிறார்கள். மத்தியமுகாம் என்ற பெயரும் அந்தக் காலத்து மிச்சம்தான்.

வாய்க்காலின் தலைப்பில் சிங்களக் குடியேற்றங்கள், கடைமடையில் பெரும்பாலும் தமிழ் பேசும் விவசாயிகள் என்பது கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை அமைப்பு. தண்ணீர் குறையும் சிறுபோகத்தில் முதலில் காய்வது கடைமடை வட்டைகள். 1956 யூனில், தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டி, கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஆனால் 1980களின் தொடக்கத்தில், இடதுகரை வாய்க்கால் புனரமைப்பின்போது விவசாயிகள் அமைப்புகளாகத் திரண்டு, மேல்மடைக்காரர் கீழ்மடைக்கு நீர் விட்டுக்கொடுத்ததும் இதே பள்ளத்தாக்கில் நடந்தது. இந்த வரலாற்றைப் பேசுவோர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடக்கூடாது. பின்வந்த போர்க்காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெயர்ந்து, இழந்து, திரும்பினார்கள்.

பிரிவில் தமிழர் பெரும்பான்மை. முஸ்லிம்களும் கணிசமாக வாழ்கிறார்கள். அன்னமலை, வேப்பையடி, சொறிக்கல்முனை ஆகியவை தமிழ் ஊர்கள். சாளம்பைக்கேணியும் வீரத்திடலும் முஸ்லிம் ஊர்கள். சொறிக்கல்முனையின் திருச்சிலுவைத் திருத்தலத்துக்கு செப்டெம்பரில் தூரத்து ஊர்களிலிருந்தும் யாத்திரிகர் வருகிறார்கள். தொழில் எல்லோருக்கும் ஒன்றே: வேளாண்மை. நெற்பயிரையே அந்தச் சொல்லால் குறிப்பது கிழக்கின் வழக்கம். வட்டவிதானை நீர்முறை பார்ப்பதும், அறுவடைக் காலத்தில் வயலில் யானைக் காவல் இருப்பதும் எந்த மதத்தாருக்கும் பொது.

கல்முனையில்தான் பெரிய சந்தை, பெரிய வைத்தியசாலை, வங்கி, தனியார் வகுப்பு எல்லாம். அங்கே போகும் வீதி கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். ஒக்டோபரில் பெரும்போக விதைப்பு. நவம்பர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை. மழை கனத்தால் வாவி பெருகித் தாம்போதிக்கு மேலாகப் பாய்கிறது. ஆற்றுவாழை மிதந்து வந்து ஓரங்களை அடைக்கிறது. முதலில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும், பிறகு முச்சக்கரவண்டிகள், பிறகு பஸ். உழவு இயந்திரப் பெட்டியில் ஆசிரியர்களும் அலுவலர்களும் நின்றபடி கடப்பார்கள். நீர் இன்னும் ஏறினால் அதுவும் இல்லை, தோணிதான். பரீட்சை எழுதப் போகும் பிள்ளையும் பிரசவத்துக்குப் போகும் தாயும் இந்த நீரைத்தான் கடக்க வேண்டும். தாம்போதிக்குப் பதிலாக உயரமான பாலம் வேண்டும் என்று தமிழரும் முஸ்லிம்களும் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொரு பெருவெள்ளத்தின்போதும் அந்தக் கோரிக்கை மீண்டும் எழுகிறது. அதைவிட நியாயமான கோரிக்கை இந்தப் பிரிவில் வேறில்லை.