ஹடப்சரில் யந்திரம் பூட்டிய கதை

புனே நகரிலிருந்து சோலாப்பூருக்குச் செல்லும் பெருவழியில் கிழக்கே சில மைல் போனதும் வரும் ஹடப்சரைச் சரித்திர மாணவர்கள் ஒரு யுத்தத்தைக் கொண்டே அறிவார்கள். 1802-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் தேதி யஷ்வந்தராவ் ஹோல்கரின் சேனை, பேஷ்வாவும் சிந்தியாவும் சேர்ந்து நிறுத்திய படையை முறியடித்தது இந்தப் பிரதேசத்தில்தான்; தோற்றோடிய பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் அவ்வாண்டின் கடைசி நாளில் வசாயில் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்ததும் அதன் விளைவே. ஆனால் பிற்காலத்தில், முட்டா வலதுகரைக் கால்வாயின் நீர் பாய்ந்த அந்த வயல்களுக்கு நடுவே எழுந்த தொழிற்கூடங்களின் சரித்திரம், அந்த ஒருநாள் யுத்தத்தைவிடச் சாமானிய மனிதர்களின் வாழ்வை அதிகமாக மாற்றியது என்பது என் அபிப்பிராயம்.

பெல்காமில் சைக்கிள் கடை வைத்துத் தொடங்கி, இரும்புக் கலப்பை செய்து, 1910-ல் கிர்லோஸ்கர்வாடி என்ற தொழிலூரையே நிறுவிய லக்ஷ்மணராவ் கிர்லோஸ்கரின் குடும்பம், நம் சென்னையில் கிண்டித் தொழிற்பேட்டை தோன்றிய அதே 1958-ல், கிர்லோஸ்கர் நியூமாட்டிக் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கியது. அது வேரூன்றிய இடம் ஹடப்சர். அதன் முக்கிய உற்பத்தி காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர். மற்றத் தொழிற்சாலைகளில் நட்டை முடுக்கும் கருவிக்கும், பாரத்தைத் தள்ளும் சிலிண்டருக்கும் உயிர்மூச்சாக இருப்பது இந்த அழுத்திய காற்றுதான் என்பதால், அசெம்பிளித் தொழில் அனைத்துக்கும் ஹடப்சர் மூச்சுக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

பெரிய கம்ப்ரஸர் என்பது சோப்புக் கட்டியைப்போல் ஒரே வார்ப்பில் ஆயிரக்கணக்கில் வெளிவரும் பண்டம் அன்று. கல் குவாரிக்கு ஒரு மாதிரி, நூற்பாலைக்கு ஒரு மாதிரி, குளிர்பதனக் கிடங்குக்கு வேறொரு மாதிரி. இன்று வந்த வரைபடம் நாளை வராது. ஆகவே பழைய கூடங்களில், மாறும் பொருளுக்கேற்ப மாறிக்கொள்ளும் சக்தி ஃபிட்டரின் கையிலேயே குடியிருந்தது. கிராங்க் ஷாஃப்டைப் பேரிங்கில் உட்கார்த்துமுன் நீல மையைத் தடவிச் சுழற்றி, மை ஒட்டிய மேடுகளைச் சுரண்டியால் மயிரிழை மயிரிழையாக எடுத்து, மறுபடி சுழற்றிப் பார்க்கும் அந்தப் பொறுமையை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் வெறும் உழைப்பு அன்று, வித்தை.

இந்த வித்தையைத் துறந்து வேகத்தைத் தேடிய முயற்சியே கன்வேயர். ஹென்றி ஃபோர்டு 1913-ல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பாதையை அமைத்தபின், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேஸிஸ் பூட்டும் வேலை ஒன்றரை மணியளவுக்குக் குறைந்தது, உலகமே வியந்தது. ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பத்தொன்பது வருஷங்களாக, ஒரு கோடியே ஐம்பது லக்ஷத்துக்கும் மேல் செய்த மாடல் டி காரைக் கைவிட்டு, 1927-ல் மாடல் ஏ காருக்கு மாற வேண்டியபோது, ஏறக்குறைய ஆறு மாத காலம் உற்பத்தியையே நிறுத்திவைக்க நேர்ந்தது. ஒன்றை மட்டுமே அறிந்த யந்திரங்களுக்கு இன்னொன்றைக் கற்பிக்க வழி தெரியவில்லை.

பின்னர் வந்த மின்சார ரிலேப் பலகைகளிலும் இதே நோய் தொடர்ந்தது. ரிலே எனப்படும் மின்காந்தச் சுவிட்சுகள் நூற்றுக்கணக்கில் பேனலுக்குள் கிளிக் கிளிக்கென்று ஓயாமல் ஒலிக்க, எந்தச் சிலிண்டர் எப்போது நீள வேண்டும், எந்த மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்ற அறிவு முழுவதும் கம்பிகளின் பின்னலாகவே கிடந்தது. வாகன மாதிரி மாறினால் அந்தப் பின்னலைப் பிரித்துப் புதிதாகப் பின்ன வேண்டும். இந்த நிர்ப்பந்தத்தைத் தாங்கமாட்டாமல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமாட்டிக் பிரிவு 1968-ல் மாற்று வழி கேட்க, ரிச்சர்ட் மோர்லியும் அவர் சகாக்களும் மறு ஆண்டே மோடிக்கான் 084 என்ற சாதனத்தைக் கொடுத்தார்கள். பி.எல்.சி. என்று இன்று ஷாப் ஃப்ளோரில் எல்லோரும் சொல்வது இதன் வம்சத்தைத்தான். இதில் என் மனத்தைக் கவர்ந்தது மின்னணு விந்தை அன்று. எலெக்ட்ரீஷியன்கள் பழகியிருந்த ரிலேப் படத்தைப் போலவே, இரண்டு நெடுங்கோடுகளுக்கு இடையே படிகள் வைத்த ஏணி வடிவத்தில் அதன் கட்டளைகளை எழுதும்படி செய்தார்களே, அந்த மரியாதைதான். புதிய கருவி பழைய தொழிலாளியைப் புறக்கணிக்காமல் அவனுடைய பாஷையிலேயே அவனோடு பேசிற்று. பிற்காலத்தில் டிஜிட்டல் என்ற பெயரில் வந்த பல உபகரணங்கள் இந்தப் பாடத்தை மறந்ததால்தான், வாங்கிய கூடங்களிலேயே தூசி படிந்து கிடந்தன.

1980-களில் டாட்டா குழுமமும் அமெரிக்க ஹனிவெல் ஸ்தாபனமும் கூட்டாகத் தொடங்கி, 2004-ல் டாட்டாவின் பங்கு கைமாறியபின் ஹனிவெல் ஆட்டோமேஷன் இந்தியா என்று பெயர் பெற்ற கம்பெனியும் ஹடப்சர் தொழிற்பேட்டையிலேயே நிலைகொண்டது. எண்ணெய், ரசாயன ஆலைகளின் கட்டுப்பாட்டைப் பல கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையில் ஹனிவெல் 1975-லேயே முன்னோடி. இவ்வாறு, யந்திரத்துக்கு மூச்சு செய்த ஊரிலேயே யந்திரத்துக்கு மூளை செய்யும் தொழிலும் வந்து சேர்ந்தது. சற்றுத் தள்ளி, மகர்பட்டா விவசாயிகள் தங்கள் நிலத்தை அந்நியருக்கு விற்றுவிடாமல் ஒன்றுசேர்த்துத் தாமே பங்குதாரர்களாகி எழுப்பிய நகரில், கரும்பு நின்ற மண்மேல் இன்று மென்பொருள் அலுவலகங்கள் நிற்கின்றன.

புனே வட்டாரத்துக் கூடம் ஒன்றில் சமீபத்தில் ஒரு மேஜையருகே வெகு நேரம் நின்றிருந்தேன். தள்ளுவண்டியில் வந்த யந்திர உடலின் பார்கோடைப் பெண் ஒருத்தி ஸ்கேன் செய்தாள். எதிரேயிருந்த திரையில் அந்த மாதிரிக்குரிய படம் தோன்றிற்று. நாற்பது பெட்டிகளில் அவள் எடுக்க வேண்டிய போல்ட்டு இருந்த பெட்டியின்மேல் மட்டும் பச்சை விளக்கு எரிந்தது. அவள் கையிலிருந்த மின்முடுக்கி, அந்தப் போல்ட்டுக்கு விதித்த முறுக்குவிசை (டார்க்) வந்ததும் தானே நின்று அதன் அளவைக் கணிப்பொறியில் பதித்தது. அடுத்து வந்தது வேறு மாதிரி. படம் மாறிற்று, விளக்கு இடம் மாறிற்று, டார்க் மாறிற்று. ஒரு கம்பியையும் யாரும் பிரிக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கி ஓய்ந்தபின், அவள் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்து, போல்ட்டின் தலையிலிருந்து உடல்வரை ஒரு சிறு கோட்டை இழுத்தாள். எதற்கு என்று கேட்டேன். முடுக்கிய போல்ட்டு பின்னால் நெகிழ்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும் என்றாள். தனக்கு வேலை கற்றுக்கொடுத்த வயதான ஃபிட்டர் முதல் நாளே சொல்லித் தந்தது இது என்றும் சொன்னாள்.