ஈச்ச மட்டை வெளிச்சத்தில் இறையில்லம்

விரல் அசைவில் வீடெங்கும் ஒளி பரவும் காலத்தில் வாழும் நாம், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்து இரவு எப்படி இருந்தது என எண்ணிப் பார்த்ததுண்டா?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியொன்று ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது, அன்னையார் கிப்லாவின் திசையில் கால் நீட்டிப் படுத்திருப்பார்கள். ஸுஜூதுக்குச் செல்லும் அண்ணலார் கையால் தொட்டு உணர்த்துவார்கள். அன்னையார் காலை மடக்கிக்கொள்வார்கள். அந்நாளில் வீடுகளில் விளக்கு இல்லை என்று அன்னையாரே காரணமும் கூறுகிறார்கள். ஃபிக்ஹு கலையினர் இதில் உளூவின் சட்டத்தை ஆராய்வர். ஒரு சமுதாயத்தின் தலைவர் இருளில் தடவித் தொழுதார்கள் என்பதையோ நாம் கவனியாமல் கடந்துவிடுகிறோம்.

பேரீச்சைக்குப் பெயர்போன மதீனாவுக்கு, ஜைத்தூன் எண்ணெய் ஷாம் தேசத்திலிருந்து வரவேண்டியிருந்தது. நபதீ வணிகர்களிடம் முன்பணம் கொடுத்து, தவணை குறித்து, கோதுமையுடன் எண்ணெயையும் நபித்தோழர்கள் வாங்கியதை அதே புகாரியின் ‘ஸலம்’ பாடத்தில் காணலாம். அவ்வாறு வாங்கிய எண்ணெயை எரிப்பதா, உணவில் சேர்ப்பதா? ஏழை வீட்டில் விடை எளிது.

மஸ்ஜிதுந் நபவீயிலும் தொடக்கத்தில் உலர்ந்த ஈச்ச மட்டைகளையே கொளுத்தினார்கள். சட்டெனப் பற்றிச் சட்டென அணையும் வெளிச்சம் அது, புகையோ அதிகம். பின்னர், கிறிஸ்தவராயிருந்து ஹிஜ்ரி 9-இல் இஸ்லாத்தைத் தழுவிய ஃபலஸ்தீனத்தவரான தமீமுத் தாரி (ரலி) அவர்களே பள்ளியில் முதன்முதலில் விளக்கேற்றினார்கள் என இப்னு மாஜாவில் அறிவிப்பு உண்டு. அதன் தொடர் பலவீனமானது என்பதையும் சொல்லிவிடுவது கடமை. ஆயினும் சரித்திர ஆசிரியர்கள் இச்செய்தியை ஏற்று எழுதியுள்ளனர்.

விளக்கு வந்ததும் அச்சமும் வந்தது. மதீனாவில் ஒரு வீடு இரவில் குடும்பத்தோடு தீப்பற்றியது. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடும், எனவே உறங்குமுன் விளக்கை அணையுங்கள் என்று அண்ணலார் அறிவுறுத்தினார்கள். மின்கசிவு பற்றி இன்று நாம் அஞ்சுவதும் ஏறத்தாழ இதுதானே!

ஹிஜ்ரி 14-இல் உமர் (ரலி) அவர்கள் மக்களை உபை இப்னு கஅப் (ரலி) அவர்களின் பின்னே தராவீஹுக்கு ஒன்று சேர்த்தார்கள். ரமளான் இரவில் பள்ளிகள் விளக்குகளால் ஒளிர்வதைக் கண்ட அலீ (ரலி) அவர்கள், உமருடைய கப்ரும் அவ்வாறே ஒளிபெற துஆச் செய்ததாக வரலாறு கூறுகிறது.

அண்ணலாரால் விடுதலை செய்யப்பட்ட மைமூனா (ரலி) என்னும் பெண்மணி, பைத்துல் முகத்தஸைக் குறித்துக் கேட்டார்கள். அங்கே சென்று தொழுமாறு பதில் வந்தது. ஆனால் வழியெங்கும் அன்று போர் நடந்துகொண்டிருந்தது. செல்ல இயலாவிட்டால், அதன் விளக்குகளில் எரிய எண்ணெயாவது அனுப்பிவையுங்கள் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது.